மணலில் குளம் கட்டின உப்பு மாஸ்ரர்

இதை எழுதுவதா விடுவதா என்று வருசக்கணக்காகத் தயங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் திரும்பிப் போனேன் என்றால் அது பிள்ளைகளுக்குச் சோறு சமைக்கத்தான். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. படித்த ஒரு வாத்தியாரை, கண்ட கண்ட தண்ணீரையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்த மனிசன் என்று பத்திரிகைக்கு எழுதினால் அது பாவமாகுமோ என்று பயம். போன தவக்காலத்தில் எங்கள் பங்குச் சுவாமியிடமே கேட்டுவிட்டேன்.

"உண்மையைத்தானே எழுதப் போறீங்கள்?" என்றார்.

"ஓம் சுவாமி."

"வாசிக்கிற ஆக்களுக்குச் சிரிப்பு வருமோ?"

"வரும் சுவாமி."

"அப்ப எழுதுங்கோ. அந்த மனிசனைப் பற்றி எழுதிச் சிரிப்பு வராட்டித்தான் அது பொய்."

ஆகவே எழுதுகிறேன். பாலத்தடி தொடக்கம் தலைமன்னார் மட்டும் இந்த மன்னார்த் தீவில் உப்பு மாஸ்ரரின் நாக்குப் படாத கிணறு கிடையாது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

ஆள் நெட்டை. நெற்றியில் திருநீறு. சட்டைப் பையில் பேனை மாதிரி ஒரு சாமான் குத்தியிருக்கும். அது பேனை இல்லை, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று இலக்கத்தில் காட்டுகிற மீற்றர். நறுவிலிக்குளத்து வயல்காரக் குடும்பம். எங்கள் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் படுப்பார், வெள்ளி பின்னேரம் முருங்கன் பக்கம் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்.

ஒரு வீட்டுக்கு வந்தால் கதிரையில் உட்கார முன்னம் தண்ணீர் கேட்பார். கொடுத்தால் குடிக்கமாட்டார். ஒரு சொட்டை நாக்கு நுனியில் விட்டு, கண்ணை மூடி, செபம் சொல்லுகிறவர் மாதிரி நிற்பார். பிறகு கண்ணைத் திறந்து, "போன மாசத்தைவிடக் கரிக்குது," என்பார். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து மீற்றரை எடுத்து, தன் நாக்குச் சொன்னது சரியோ என்று பார்ப்பார். சரியாக இருந்தால் அந்த வீட்டில் எல்லாருக்கும் மிட்டாய்.

ஒரு செத்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மனிசனைப் பறிகொடுத்த பெண் தலையில் அடித்து அழுதுகொண்டிருக்கிறாள். இவருக்குக் கொண்டுவந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்தார். புருவம் மேலே போனது. குனிந்து அந்தப் பெண்ணிடம், "தங்கச்சி, இது எந்தக் கிணறு?" என்று கேட்டார். அவள் அழுகையை நிறுத்தி, "பின்வளவுக் கிணறு மாஸ்ரர், முன்கிணறு கரிச்சுப்போச்சு," என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து மறுபடி அழத் தொடங்கினாள். நான் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது மணி என்று மறந்து, முதலில் இருந்து சொல்லவேண்டி வந்தது.

அவர் ஏன் இப்படித் தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தார் என்றால், எங்கள் பள்ளிக்கூடமே அப்போது தண்ணீரால் சாகக்கிடந்தது.

எங்கள் ஊர் முழுக்க மணல். மணலுக்குள் மழைத்தண்ணீர் மேலே, கடல்தண்ணீர் கீழே. மேலே உள்ளதை மெல்ல எடுத்தால் இனிப்பு, அவசரப்பட்டு இழுத்தால் கீழே உள்ளது ஏறிவிடும். இது தெரியாமல்தான் எங்கள் சம்மாட்டியார் ஒரு நல்ல காரியம் செய்தார். சம்மாட்டியார் என்றால் நாலைந்து மீன்பிடி வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவர்தான் பெரியவர். வெளிநாட்டில் இருக்கிற தம்பியைக் கேட்டுப் பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் பெரிய பம்பு ஒன்று எடுப்பித்தார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கொஞ்ச மாதத்தில் கிணறு வற்றியது. சம்மாட்டியார் யோசித்தார். ஆயுள் முழுக்கக் கடலில் தொழில் செய்த மனிசன் எப்படி யோசிப்பார்?

"கரையில நிண்டு வலை வீசினால் சின்னச் சூடைதான் வரும். பெரிய மீன் ஆழத்திலதான் கிடக்கும். தோண்டுங்கோடா இன்னும்!"

தோண்டினார்கள். பெரிய மீன் வரவில்லை. கடல்தான் வந்தது.

பிறகு நான் சமைக்கிற சோற்றுக்கு உப்புப் போடத் தேவையில்லாமல் போனது. பருப்பை எவ்வளவு அவித்தாலும் பருப்பாகவே கிடந்தது. பிள்ளைகள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை மன்னார்ப் பட்டணத்து ரவுண் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றினார்கள். என்னுடைய மகளையும் மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்தார். ஒருநாள் வலயக் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடிக்கத் தண்ணி இல்லாத இடத்தில பிள்ளையளை வைச்சிருக்க ஏலாது. மார்கழியில திரும்ப வருவன். இப்பிடியே இருந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடச்சொல்லித்தான் எழுதவேணும்."

அந்த வருசம்தான் உப்பு மாஸ்ரர் வந்து சேர்ந்தார்.

வந்த கிழமையே எங்கள் கோயில் திருநாள். மரியாதைக்கு அவரையும் கூப்பிட்டிருந்தோம். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைக் கண்டார். எல்லாரும் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போக, இவர் மீற்றரை நனைத்தார். சுவாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"மாஸ்ரர், என்ன செய்யிறீங்கள்?"

"குறை நினைக்காதேங்கோ சுவாமி. இந்தத் தண்ணி நல்லாயிருக்கு. எந்தக் கிணறு?"

"கோயில் கிணறுதான். உப்புப் போட்டு மந்திரிச்சது."

"உப்புப் போட்டதோ!" மாஸ்ரர் துள்ளிவிட்டார். "உப்புப் போட்டு மந்திரிச்ச தண்ணியே எங்கட பள்ளிக்கூடத் தண்ணியைவிட இனிப்பு சுவாமி!"

சுவாமி அன்றைக்குப் பிரசங்கத்தில் இரண்டு தரம் சிரித்தார். மாஸ்ரர் பூசை முடியும்வரை கோயில் கிணற்றடியில்தான் நின்றார். அந்தக் கிணற்றில் பம்பு இல்லை. வாளியால்தான் அள்ளுவோம். அதிலும் ஒரு வழக்கம். மத்தியானத் திரிகாலச் செப மணி அடித்தால், பின்னேர மணி அடிக்கும்வரை ஒருத்தரும் வாளி போடக்கூடாது. "கிணறு செபம் சொல்லுற நேரம்" என்று சொல்லுவோம். ஊரில் எல்லாக் கிணற்றுக்கும் முந்தி இந்த வழக்கம்தான். பம்பு வந்தபிறகு கோயில் கிணற்றைத் தவிர மற்றதெல்லாம் செபத்தை விட்டுவிட்டன.

நான் இதைச் சொன்னதும் மாஸ்ரர் என்னைக் கும்பிடாத குறை. "அக்கா, எங்கட ஊரிலயும் இதுதான்! குளத்துத் தண்ணியை ஆளாளுக்குத் திறக்கேலாது. விதானை ஒருத்தர் இருப்பார். முறை வைச்சுத்தான் வயலுக்கு விடுவார். உங்கட கிணத்துக்கு மணி இருக்கு, விதானைதான் இல்லை."

அடுத்த திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்துக்கு விதானை வந்தார். கிழமைக்கு ஒரு பிள்ளை. தலையில் ஓலைத் தொப்பி. பம்பின் சுவிச்சுக்குப் பொறுப்பு அந்தப் பிள்ளைதான். காலையில் கொஞ்ச நேரம் போடும், அந்தத் தண்ணீரைக் குடங்களில் நிரப்பி வைக்கும், மத்தியான மணி கேட்டால் நிறுத்திவிடும். தினமும் காலையும் பின்னேரமும் மீற்றர் பார்த்துச் சுவரில் பெரிய தாளில் கோடு கீறும். மற்ற ஊர்களில் கோடு கீறக் கணக்குப் பாடத்தில்தான் படிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் கிணற்றடியில் படித்தார்கள். தமிழ்ப் பாடத்துக்குக் கட்டுரை "எங்கள் கிணறு". சமய பாடத்தில் யாக்கோபின் கிணறு. என் மகள் வீட்டுக்கு வந்து என் தண்ணீர்க் குடத்துக்கும் முறை வைத்தாள்.

மீற்றரும் நாக்கும் போதாதென்று மாஸ்ரருக்கு மூன்றாவது சாட்சியும் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைமூக்கி என்று ஒரு கழுதை, கிணறு நல்லாயிருந்த காலத்தில் தினமும் பள்ளிக்கூடத் தொட்டியில் குடிக்க வரும். கரித்தபிறகு வருவதை விட்டுவிட்டது. மாஸ்ரர் அதைத் தெருவில் கண்டால் குனிந்து, "எப்ப வாறீங்கள்?" என்று கேட்பார். வெள்ளைமூக்கி வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். "நாக்கு ஒண்டு, மீற்றர் ரெண்டு, கழுதை மூண்டு. மூண்டும் ஒத்துவந்தால்தான் நான் நம்புவன்," என்பார்.

சம்மாட்டியாருக்கு இதெல்லாம் ஏறவில்லை. தம்பி அனுப்பின பம்பை அரைவாசி நேரம் நிறுத்தி வைப்பது தம்பியையே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

"மாஸ்ரர், உங்கட வயல் புத்தியை வயலுக்குள்ள வைச்சிருங்கோ. பம்பு எண்டால் ஓடவேணும்!"

"ஓடட்டும் சம்மாட்டியார். கடல் வருமட்டும் ஓடட்டும்."

ஒருநாள் மத்தியானம், மணி அடித்தபிறகு, தானே பம்பைப் போட்டுக் காட்டுகிறேன் என்று கிணற்றடிக்கு வந்தார். சுவிச்சுக்கு முன்னால் ஓலைத் தொப்பியோடு அந்தக் கிழமை விதானை இருந்தாள். அவருடைய மகனின் மகள்தான்.

"எழும்பு பிள்ளை."

"ஏலாது அப்பப்பா. மணி அடிச்சிட்டுது."

"நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும். அப்பப்பா. ஆனா விதானை நான்தான்."

சம்மாட்டியார் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடமே யன்னலில் நின்றது. நானும் அகப்பையோடு நின்றேன். "தகப்பனைப் போல பிடிவாதம்," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். போகும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்ததை நான் கண்டேன்.

முறை வைத்ததில் கரிப்பு ஏறுவது நின்றது. குறையவில்லை. சுவர்த்தாளில் கோடு பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. மார்கழியோ வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மாஸ்ரர் தன் பெரிய வேலையைத் தொடங்கினார்.

"குளம் கட்டப்போறம்."

"எங்க?"

"விளையாட்டு முத்தத்தில."

மாரி தொடங்க முன்னம் சிரமதானம். பிள்ளைகள், தாய்மார், மண்வெட்டி, ஓலைக்கடகம். முற்றத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அணைக்கட்டு. ஒரு பக்கம் வான் கூட வைத்தார், தண்ணீர் மிஞ்சினால் வழிய. சம்மாட்டியார் மதிலில் சாய்ந்து நின்று, "வள்ளம் ஒண்டு தரட்டோ மாஸ்ரர், உங்கட குளத்தில ஓட்ட?" என்று கேட்டார்.

முதல் பெரிய மழை பெய்தது. ஊரே குடையோடு பார்க்க வந்தது. மழை கொட்டுகிறது, குளத்துக்குள் தண்ணீர் விழுகிறது, விழுந்த தண்ணீரைக் காணவில்லை! மணல் அவ்வளவையும் குடித்துவிட்டுப் பேசாமல் கிடந்தது. மழை விட்டபோது குளத்துக்குள் மாஸ்ரரும் ஒரு தவளையும்தான். தவளையும் ஏமாந்துபோய் வெளியே தாவியது.

சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. மணலில் குளம் கட்டின மாஸ்ரர் என்று மீன் சந்தை வரை கதை போனது. மாஸ்ரர் நனைந்த சட்டையோடு அணைக்கட்டில் குந்திக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். முதல் தடவையாக அதை நாக்கில் வைத்துப் பார்க்காமல் குடித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"எங்கட ஊரில கட்டினால் நிக்கும் அக்கா."

"உங்கட ஊரில களிமண் மாஸ்ரர். இது மணல்."

"மார்கழிக்குப் பிறகு பிள்ளையள் எங்க போகும்?"

அன்றைக்குச் செபமாலையில் அவருக்காக ஒரு பத்து மணி கூடச் சொன்னேன். அவர் சைவக்காரர்தான். மாதாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. குளம் தோற்ற நாளில் இருந்து மாஸ்ரர் மீற்றரைப் பையை விட்டு எடுக்கவில்லை. மாஸ்ரர் ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, கோயில் துப்புரவுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடப் படலை வழியாக உள்ளே பார்த்தேன். வெள்ளைமூக்கி உள்ளே நிற்கிறது. தொட்டிக்குள் தலையை விட்டு உறிஞ்சிக் குடிக்கிறது! மழைத்தண்ணீராக்கும் என்று நினைத்தேன். தொட்டிக்கு மேலே கூரை. திங்கட்கிழமை பருப்புப் போட்டேன். பருப்பு அவிந்தது. அகப்பையோடு வீதிக்கு ஓடினேன்.

மாஸ்ரர் பஸ்ஸால் இறங்க முன்னமே வீதியில் நின்று கத்தினேன். "மாஸ்ரர், பருப்பு அவிஞ்சிட்டுது!"

பஸ்ஸில் இருந்த சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. அவருக்கு மட்டும் விளங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு சொட்டை நாக்கில் விட்டார். கண்ணை மூடினார். மீற்றரை விட்டார். வெள்ளைமூக்கி பக்கத்தில் நின்று தலையை ஆட்டியது. மாஸ்ரர் அணைக்கட்டில் ஏறி நின்று கத்தினார்:

"அக்கா, குளம் நிக்குது! கீழ நிக்குது!"

முந்தி வீதிக்கும் கடலுக்கும் ஓடிய மழை அவ்வளவும் அந்த அணைக்கட்டுக்குள் மறிபட்டு மணலுக்குள் இறங்கிக் கிணற்றைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. ஊர் சிரித்த குளம்தான் ஊரின் கிணற்றை நிரப்பியது.

சம்மாட்டியார் வந்தார். தானே குடித்துப் பார்த்தார். அடுத்தநாள் உழவு இயந்திரத்தில் மணல் கொண்டுவந்து, தான் தோண்டுவித்த ஆழத்தைத் தானே மூடுவித்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு, "மாஸ்ரர், பம்பின்ர வாய் அடியில கிடந்தால்தானே உப்பை இழுக்குது? வலைக்கு மிதவை கட்டுற மாதிரி இதுக்கும் கட்டினால் மேல் தண்ணியைத்தானே இழுக்கும்?" என்றார். மாஸ்ரர் எழும்பி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பம்புக் குழாயின் வாய்க்கு வலை மிதவை நாலு கட்டினார்கள். தம்பியின் பம்பும் கிணற்றில் நின்றது, கடலும் கீழே நின்றது. சுவர்த்தாளில் கோடு இறங்கத் தொடங்கியது.

மார்கழி வந்தது. அதிகாரியும் வருகிறார் என்று செய்தி. விடியவே சம்மாட்டியார் ஆட்டோவில் பிளாஸ்ரிக் கான் கானாகத் தண்ணீரோடு என் குசினிக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, இதில தேத்தண்ணி போடு. ரவுணில நல்ல கிணத்தில எடுத்தது. மாஸ்ரருக்குச் சொல்லாதை."

"அவர் நாக்கில வைச்சுப் பார்த்தால்?"

"அதிகாரி குடிச்சு முடியுமட்டும் அவற்ற நாக்கை வெளிய நிப்பாட்டு!"

வாசலில் மாஸ்ரர். கான்களைப் பார்த்தார், சம்மாட்டியாரைப் பார்த்தார். சம்மாட்டியார் கூரையைப் பார்த்தார்.

"சம்மாட்டியார், உங்கட மிதவையை நீங்களே நம்பேல்லையோ?"

சம்மாட்டியார் கான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கிணற்றுத் தண்ணீரில்தான் தேத்தண்ணி வைத்தேன். ஆனாலும் பயம். ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுவேன், ஒரு கரண்டி சீனி போடுவேன். இன்னொன்று சொல்லுவேன், இன்னொரு கரண்டி. அதிகாரி பிள்ளைகளைப் பார்த்து, வகுப்புகளைப் பார்த்து, கடைசியாகக் கோப்பையைக் கையில் எடுத்தார். எல்லாரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மிடறு. முகம் சுருங்கியது. மாஸ்ரர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை ஆர் போட்டது?"

"நான்தான் ஐயா."

"ஏனம்மா இவ்வளவு சீனி? எனக்குச் சீனி வருத்தம்! வெறும் தண்ணி தாங்கோ. கிணத்தில இப்ப அள்ளினது."

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது.

அன்றைக்கும் விதானை சம்மாட்டியாரின் பேத்திதான். ஓலைத் தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "சேர், மணி அடிச்சிட்டுது. இனிப் பின்னேரம்தான்."

சம்மாட்டியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குடு பிள்ளை, குடு!" என்று கையால் காட்டினார். பள்ளிக்கூட அதிபர் இருமினார். பிள்ளை மாஸ்ரரைப் பார்த்தாள். அவருக்கு வேர்வை திருநீற்றைக் கரைத்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடம் இருப்பதும் போவதும் அந்த ஒரு கிளாஸ் தண்ணீரில். மாஸ்ரர் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"விதானை சொன்னால் சொன்னதுதான் சேர்."

அதிகாரி பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஏன் பிள்ளை, அதிகாரி கேட்டாலும் குடுக்கமாட்டீங்களோ?"

அவள் சொல்லத் தொடங்கினாள். கீழே கடல், மேலே மழை. அப்பப்பாவின் மிதவை. கிணறு செபம் சொல்லுகிற நேரம். மாஸ்ரருடைய ஊரின் முறைத் தண்ணீர். முற்றத்தில் கட்டிக் கீழே நிற்கிற குளம். சுவர்த்தாளில் கோட்டை விரலால் இழுத்துக் காட்டினாள், ஏறினது எங்கே, நின்றது எங்கே, இறங்கினது எங்கே என்று. முடித்துவிட்டு, "விடிய எடுத்த தண்ணி குடத்தில இருக்கு சேர். அது தரலாம்," என்றாள்.

நான் ஊற்றிக் கொடுத்தேன். அதிகாரி கிளாசை வாங்கினார். ஒரு சொட்டை நாக்கு நுனியில் விட்டார். கண்ணை மூடினார். சத்தியமாக, உப்பு மாஸ்ரர் நிற்கிற மாதிரியே நின்றார்! பிறகு முழுக்கக் குடித்துவிட்டுக் கிளாசை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தாங்கோ அம்மா."

இரண்டாவது கிளாசும் முடிந்தபிறகு சொன்னார். "இந்தப் பள்ளிக்கூடத்தை மூடச்சொல்லி நான் எழுதப்போறதில்லை."

சம்மாட்டியார் பேத்தியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அழுதார். வெளியே அவர் ஆத்திரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியில் ஊற்றி வைத்த ரவுண் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, வெள்ளைமூக்கி எங்கள் தொட்டிக்குத் திரும்பியது.

தை மாதத்தில் போன பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். இப்போது வேறு பள்ளிக்கூடங்களில் இருந்தும் எங்கள் குளத்தைப் பார்க்க வருகிறார்கள். "எங்க குளம்?" என்று கேட்பார்கள். நீங்கள் நிற்கிற இடம்தான் குளம் என்று விதானை சொல்லும். மாஸ்ரருக்கு மாற்றம் கிடைத்து முருங்கன் பக்கம் போய்விட்டார். மழை பெய்தால் போன் வரும்.

"அக்கா, அங்க மழையோ? குளத்தில தண்ணி நிக்குதோ?"

"ஒரு சொட்டும் நிக்கேல்ல மாஸ்ரர்."

"நல்ல சந்தோசம்," என்பார்.

சமைத்து முடிந்தால், விடிய எடுத்த குடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறது என் பழக்கம். முருங்கன் பக்க பஸ்ஸில் யார் வருவார்கள் என்று சொல்லேலாதுதானே.

இதை வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அணைக்கட்டும் மணியும் மிதவையும் மீற்றரும் ஒன்றாய்ச் சேர்ந்ததை, எதையும் விடாமல் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லவேண்டும். உப்பும் கூட்டாதேயுங்கள், சீனியும் கூட்டாதேயுங்கள். கூட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.